ஆயாவின் பிரஷர் மாத்திரையும் வீட்டுக் குழந்தையும்

(நெய்வேலி நகரியத்தில் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கூடிய ஒரு மாலைநேரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வாசகர்களுக்காகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)



கூட்டத்துல பேச வர்றவங்க வழக்கமா, "செல்போனை அணைச்சு வைங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. நான் அப்படிச் சொல்லப் போறதில்லை. போனை எடுத்துக் கையிலயே வெச்சுக்கோங்க. இதைப் படிக்கிற நீங்களும் போன்லதான் படிச்சுட்டு இருப்பீங்க. பேச்சு முடியறதுக்குள்ள அதுல மூணு சின்ன வேலை இருக்கு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. அரசின் சேவைகளை மக்களுக்குப் புரியற மாதிரி எழுதுறது என் வேலை. ஆனா இன்னைக்குப் பேசுற விஷயம் என் சொந்த வீட்டுல நடந்தது.

அந்த ஒரு நாள்

என் அக்கா குடும்பம் இங்கே நகரியத்துல குவார்ட்டர்ஸ்ல இருக்காங்க. மாமா காலை ஷிஃப்ட். அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. ரெண்டு வயசுப் பையனைப் பார்த்துக்கிறது அக்காவோட மாமியார். எங்க பக்கம் ஆயான்னு கூப்பிடுவோம். ஷிஃப்ட் வேலை இருக்கிற ஊர்ல, தாத்தா ஆயா இல்லாம எந்த வீடு ஓடும்? இங்க உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு நான் சொல்லணும்னு இல்லை.

ஆயாவுக்கு ரத்தக்கொதிப்பு. தினமும் காலையில அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு. அன்னைக்கு மாத்திரையைப் போட்டுட்டு அட்டையைக் கட்டில் மேல வெச்சுட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாங்க. திரும்பி வந்தப்போ மணி ஒன்பது. அட்டை கீழே கிடக்கு. ரெண்டு குழியில ஃபாயில் கிழிஞ்சிருக்கு, மாத்திரை இல்லை. பையன் பலா மரத்தடியில பந்தோட ஓடிட்டு இருக்கான்.

ஆயா கட்டிலுக்கு அடியில தேடினாங்க. பாயை உதறினாங்க. கிடைக்கலை. குழந்தை முகத்தைப் பார்த்தாங்க. சிரிக்கிறான். மதியம் சாதம் சாப்பிட்டான், தூங்கினான். "ஒண்ணும் ஆகலை, எங்கயோ விழுந்திருக்கும்"னு மனசைத் தேத்திக்கிட்டாங்க. மூணு மணிக்கு அக்கா வந்த பிறகுதான், கை நடுங்க விஷயத்தைச் சொன்னாங்க.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பையன் நல்லாத்தான் இருந்தான். அஞ்சு மணிக்கு வாந்தி எடுத்தான். கொஞ்ச நேரத்துல துவண்டு போனான். ரத்த அழுத்தம் கீழே இறங்கிடுச்சு. மாத்திரை உள்ளே போய் எட்டு மணி நேரம் கழிச்சு! அப்போ அவன் டாக்டர் கையில இருந்தான், ஊசி ஏறிட்டு இருந்தது, அதனால பிழைச்சான். மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டான். இப்போ யூகேஜி படிக்கிறான்.

பிறகு ஒரு நாள் ஆயாகிட்ட கேட்டேன், "ஏன் உடனே போன் பண்ணலை?" அவங்க சொன்னது இன்னும் காதுல கேக்குது. "சொன்னா, இனிமே பிள்ளையை என்கிட்ட விடமாட்டீங்களேன்னு பயம் சாமி."

இந்தக் கதையில ரெண்டு ஆபத்து இருக்கு. ஒண்ணு மாத்திரை. இன்னொண்ணு, ஆறு மணி நேர மௌனம். ரெண்டைப் பத்தியும் பேசுவோம்.

குழந்தையைப் பார்த்துத் தெரியாது, அட்டையைப் பார்த்தால் தெரியும்

இன்னைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. பிரஷர் மாத்திரையைக் குழந்தை முழுங்கிடுச்சான்னு குழந்தையோட முகத்தைப் பார்த்து முடிவு பண்ண முடியாது. அட்டையை எண்ணித்தான் முடிவு பண்ணணும்.

காரணம் என்ன? அம்லோடிபின் மெதுவா வேலை செய்யற மருந்து. ரத்தத்துல உச்ச அளவுக்கு வரவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். உடம்பை விட்டு இறங்கவும் நாள் கணக்காகும். ஒரே ஒரு வேளை போட்டாலே நாள் முழுக்க வேலை செய்யணும்னு செஞ்ச மருந்து அது. பெரியவங்களுக்கு அது வசதி. குழந்தைக்கு அதுவே ஆபத்து. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளும் இப்படித்தான், நேரம் கழிச்சுத்தான் தன் வேலையைக் காட்டும்.

அளவையும் பார்ப்போம். அமெரிக்காவின் விஷ முறிவு மைய வல்லுநர்கள் 2005-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க. அதன்படி, குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் அம்லோடிபின் போயிருந்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 10 கிலோ குழந்தைக்குக் கணக்குப் போடுங்க. 3 மில்லிகிராம். நம்ம வீட்டு மாத்திரை 5 மில்லிகிராம். அதாவது ஒரே மாத்திரை அந்த எல்லையைத் தாண்டிடுது. "ஒண்ணுதானே போச்சு"ன்னு சொல்ல இதுல இடமே இல்லை.

நம் எல்லார் வீட்டிலும் இருக்கும் மருந்து

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 21 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கு, அல்லது அதற்கு மருந்து எடுக்கிறாங்க. தமிழ்நாட்டில் இது இன்னும் கொஞ்சம் அதிகம்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. அன்றிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருது. அலைச்சல் இல்லாததால மாத்திரையை நடுவுல நிறுத்தாம போடுறாங்க. நல்ல விஷயம். பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் குறையணும்னா மாத்திரையை விடாமப் போடத்தான் வேணும். இந்தப் பேச்சைக் கேட்டுட்டு, "மாத்திரையே ஆபத்து"ன்னு யாரும் நிறுத்திடாதீங்க.

ஒண்ணை மட்டும் யோசிங்க. முன்னாடி பத்து நாள் மாத்திரை இருந்த வீட்டுல இப்போ மாசக்கணக்குக்கான மாத்திரை ஒண்ணாச் சேர்ந்து இருக்கு. அதை எங்கே வைக்கிறோம்?

எந்த மாத்திரை என்ன செய்யும்?

பெயர்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வீட்டு அட்டையில என்ன எழுதியிருக்குன்னு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் சொல்றேன்.

அம்லோடிபின், நிஃபெடிபின், டில்டியாசம், வெராபமில் எல்லாம் ஒரே குடும்பம். ரத்தக் குழாயைத் தளர்த்தும். சில மருந்துகள் இதயத் துடிப்பையும் குறைக்கும். குழந்தைக்கு வாந்தி, சோர்வு, தலைசுற்றல் வரும், நிற்க முடியாமல் தள்ளாடும். ரத்தத்தில் சர்க்கரை கூடும். கடைசிவரை குழந்தை தெளிவாகப் பேசிட்டே இருக்கலாம் என்பதுதான் இந்த வகையில் ஏமாற்றுவது.

அட்டனலால், மெட்டப்ரலால், ப்ரோப்ரானலால் அடுத்த குடும்பம். நாடித்துடிப்பு மெதுவாகும், ரத்த அழுத்தம் இறங்கும். சின்னக் குழந்தைக்குச் சர்க்கரையும் இறங்கிடும். வியர்வை, மயக்கம், வலிப்பு வரலாம். ப்ரோப்ரானலால் ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் கூடத் தருவாங்க. "எங்க வீட்டுல யாருக்கும் பிரஷர் இல்லையே"ன்னு இருந்துடாதீங்க.

குளோனிடின் எல்லா வீட்டிலும் இருக்காது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவங்களுக்குச் சில சமயம் தருவாங்க. இது வேகமாக, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே காட்டிடும். எழுப்பினால் எழாத தூக்கம், சுருங்கிய கண்மணி, மெதுவான மூச்சு.

எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை ஒரு மாத்திரை அளவில் பொதுவாக அவ்வளவு கடுமை இல்லை. ஆனால் இப்போது ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரை நிறைய வருது. டெல்மிசார்டனோடு அம்லோடிபின் சேர்ந்திருக்கும். அட்டையில முதல் பேரை மட்டும் படிச்சுட்டு நிறுத்தாதீங்க.

அதே டப்பாவில் இருக்கும் சுகர் மாத்திரைகளையும் சேர்த்துக்கோங்க. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை ஒரே மாத்திரையில் குழந்தையின் சர்க்கரையைப் பல மணி நேரம் கழித்தும் அபாயகரமாக இறக்கும்.

சந்தேகம் வர வேண்டிய அறிகுறிகள்

முதல் அறிகுறிகள் குழந்தையின் உடம்பில் இல்லை, அறையில்தான் இருக்கு. கிழிந்த ஃபாயில், கடித்த அட்டை, திறந்த டப்பா, தரையில் எச்சில் பட்டுக் கரைந்த பாதி மாத்திரை, வாயைச் சுற்றி வெள்ளைப் பொடி, கசப்பு பட்டது போல முகச்சுளிப்பு. இதில் ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே எண்ணணும்.

எப்படி எண்ணுவது? அட்டையில் மொத்தம் எத்தனை, எந்தத் தேதியில் பிரிச்சோம், தினம் எத்தனை போடுறோம். இதை வெச்சுக் கணக்குப் போட்டால் எத்தனை மீதி இருக்கணும்னு வந்துடும். கணக்கு இடிச்சா, காணாத மாத்திரை எல்லாம் குழந்தை வயித்துலதான் இருக்குன்னு வெச்சுக்கோங்க. தேடிக் கிடைச்சால் சந்தோஷம். ஆனா தேடறதுக்காகக் கிளம்பறதைத் தள்ளிப் போடாதீங்க. ரெண்டு குழந்தை சேர்ந்து விளையாடினால், ரெண்டும் தின்னிருக்கலாம்னு ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க. சின்னது அண்ணன் செய்யறதைத்தானே செய்யும்?

அடுத்தது உடம்பில் தெரியும் அறிகுறிகள். காரணமில்லாத வாந்தி, வழக்கமான நேரம் இல்லாமல் தூக்கம், துவண்டு தொங்கும் கை கால், வெளுத்த முகம், சில்லிட்ட வியர்வை, தள்ளாட்டம், மெதுவான மூச்சு, நீலம் பாரித்த உதடு, வலிப்பு. பெரியவங்க மாத்திரை இருக்கிற வீட்டுல ஓடியாடுற குழந்தைக்குத் திடீர்னு இப்படி ஆனா, "சூடு", "கண்ணு பட்டுடுச்சு"ன்னு நினைக்கிறதுக்கு முன்னாடி மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க.

உடனே செய்ய வேண்டியது

குழந்தை விழிப்பாக இருந்தால், வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்து ஈரத்துணியால் துடைங்க. அட்டை, டப்பா, கரைந்த துண்டு எல்லாத்தையும் ஒரு பையில் போட்டுக்கோங்க. நேரத்தைக் குறிங்க. எப்போ தின்னதுன்னு தெரியலைன்னா, அட்டையைக் கடைசியா முழுசாப் பார்த்தது எப்போன்னு சொல்லுங்க. 108-க்கு அழைங்க. அல்லது கையில் வண்டி இருந்து வேகமாகப் போக முடியும்னா, உடனே கிளம்புங்க. அருகில் இருக்கும், இருபத்து நாலு மணி நேரமும் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு முதலில் போகணும். அங்கிருந்து கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பணுமான்னு டாக்டர் சொல்லுவார்.

குழந்தை மயங்கியிருந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைங்க. வாயில் எதுவும் ஊத்தாதீங்க. மூச்சு இல்லைன்னா 108-ல் பேசுறவங்க சொல்றபடி மார்பை அழுத்துங்க. போனை ஸ்பீக்கரில் போடுங்க.

செய்யக் கூடாததும் இருக்கு. உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, புளிக்கரைசல் கொடுத்தோ, விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீங்க. அரைமயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். உப்புத் தண்ணி ரத்தத்தில் உப்பை ஏத்தி, அதுவே உயிருக்கு உலை வைக்கும். மோர், முட்டை, எண்ணெய் எதுவும் மாத்திரையை முறிக்காது. வீட்டிலேயே பிரஷர் பார்க்கிற மெஷின் இருந்தாலும் அதை நம்பிக் காத்திருக்காதீங்க. பெரியவங்க கைப்பட்டை குழந்தை கைக்குச் சரியான அளவு காட்டாது.

போகத் தயங்க வைக்கும் பயங்கள்

"நல்லா இருக்கானே, எதுக்கு அட்மிஷன்?"னு கேப்பாங்க. நல்லா இருக்கும்போதே போறதுதான் நமக்கு லாபம். சீக்கிரம் போனா, மாத்திரை ரத்தத்தில் சேராமல் பிடிச்சு வைக்கிற மருத்துவக் கரியைக் கொடுக்கலாமான்னு டாக்டரால் பார்க்க முடியும். அது கடந்துட்டாலும், சலைன், கால்சியம், குளுகோகான்னு வழிகள் இருக்கு. இன்சுலினைக் கூட அதிக அளவில், குளுக்கோஸோடு சேர்த்துக் கொடுத்து இதயத்துக்குத் தெம்பு ஏத்துவாங்க. மெதுவாகக் கரையும் மாத்திரை என்றால் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பாங்க. ஒன்றும் ஆகாமல் மறுநாள் வீட்டுக்கு வந்தால் அது வீண் செலவு இல்லைங்க.

"போலீஸ் கேஸ் ஆயிடுமா?" இந்தப் பயத்தாலயும் சிலர் விஷயத்தை மறைப்பாங்க. விஷம் சம்பந்தப்பட்ட சிகிச்சை என்றால் ஆஸ்பத்திரி காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது நடைமுறை. அது பதிவுக்காக. வீட்டுக்காரர்கள் மேல் குற்றம் சுமத்துவது அல்ல. அவசர நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் என எல்லா மருத்துவர்களின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-ல், பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லியிருக்கு. டாக்டரிடம் உண்மையை முழுசாச் சொல்லுங்க. எந்த மாத்திரை, எத்தனை, எப்போன்னு தெரிஞ்சாதான் சரியான வைத்தியம் நடக்கும்.

மூணாவது பயம் ஆயாவோட பயம். இதுக்கு ஆஸ்பத்திரியில மருந்து இல்லை, நம்மகிட்டதான் இருக்கு. இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுப் பெரியவங்ககிட்ட இப்படிச் சொல்லிடுங்க: "மாத்திரை காணோம்னா உடனே போன் பண்ணுங்க. யாரும் உங்களைத் திட்ட மாட்டோம். அப்பவும் பிள்ளையை நீங்கதான் பார்த்துப்பீங்க." இந்த மூணு வாக்கியம் ஆறு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். மகன் ஷிஃப்டுல இருக்கான், போன் எடுக்கலைன்னா, அவனைக் கேக்காமலே 108-க்கு அடிக்க ஆயாவுக்கு உரிமை இருக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

இப்போது போனில் மூன்று வேலை

ஒன்று. மூணு எண்களைப் பதிவு பண்ணுங்க. ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இந்த மையம் 24 மணி நேரமும் இயங்குது, டாக்டர்களும் அழைத்து விவரம் கேட்கலாம். ஆனா ஆலோசனைக்காகப் போனில் காத்திருந்து கிளம்பாம இருந்துடாதீங்க. வண்டியில போய்க்கிட்டே பேசுங்க. பெரியவங்க பட்டன் போன்லயும் 108-ஐ ஒரே பட்டனில் வைங்க.

இரண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி பின்பக்கம் போட்டோ எடுங்க. அட்டையை வெட்டித் தரும்போது பெயர் போயிடும். அதனால பெயர் உள்ள பக்கத்தைக் கடைசியாகப் பயன்படுத்துங்க. காகித உறையில் உதிரியாகத் தந்தால், பெயரை உறை மேல் எழுதித் தரும்படி கேளுங்க. அந்தப் போட்டோக்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்க. புது அட்டை பிரிக்கும் அன்று அதன்மேல் தேதியைப் பேனாவால் எழுதுங்க. நான் சொன்ன கணக்குக்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.

மூன்று. குழந்தையின் எடை. அங்கன்வாடியில் எடை பார்த்ததும் போனில் குறிச்சு வைங்க. டாக்டர் கேட்கிற முதல் மூணு கேள்வியில் அது ஒண்ணு.

டப்பாவுக்கு ஓர் இடம்

தலையணைக்கு அடியில், டிவி மேல், ஜன்னல் திண்டில், ஆயாவின் சுருக்குப்பையில், பருப்பு டப்பா பக்கத்தில். நம்ம வீடுகளில் மாத்திரை இருக்கிற இடம் இதெல்லாம்தானே? இன்றே மாத்துங்க. பெரியவங்க கைக்கு எட்டணும், குழந்தை நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டக் கூடாது. தாழ்ப்பாள் உள்ள அலமாரி நல்லது. அமெரிக்காவில் குழந்தைகள் திறக்க முடியாத மூடி பல மருந்துகளுக்குக் கட்டாயம் என்று 1970-லேயே சட்டம் போட்டாங்க. நம்ம வீட்டு அட்டையின் ஃபாயிலை ரெண்டு வயசுப் பல்லே கிழிச்சிடும். அதனால தாழ்ப்பாள்தான் நமக்கு மூடி. நாள்வாரியாக மாத்திரை போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் குழந்தைக்குக் கிலுகிலுப்பை மாதிரிதான்.

மாத்திரையை "மிட்டாய்"னு சொல்லி ஏமாத்திக் கொடுக்காதீங்க. குழந்தை பார்க்க மாத்திரை போடாதீங்க, அது பார்த்ததைச் செய்யும். பங்குனி உத்திரத்துக்கு, பொங்கலுக்கு உறவினர் வந்தால், அவங்க கைப்பையையும் அலமாரி மேல் ஏத்துங்க. இறந்துபோன தாத்தாவின் மாத்திரைகள் இன்னும் ஒரு டப்பாவில் இருந்தால், பாசத்துக்காக அதை வெச்சிருக்க வேண்டாம்.

எங்க ஆயா இப்பவும் அதே வீட்டுலதான் இருக்காங்க. தங்கச்சிப் பாப்பா பிறந்திருக்கு, அவங்கதான் பார்த்துக்கிறாங்க. சாமி படத்துக்கு மேல, தாழ்ப்பாள் போட்ட ஒரு சின்ன மர அலமாரி. தினமும் காலையில மாத்திரையைப் போட்டுட்டு, தாழ்ப்பாளைப் போட்டுட்டு, "ஏழு போச்சு, மீதி எட்டு"ன்னு சத்தமா எண்ணுவாங்க. பையனும் கூடவே எண்ணுறான். அவன் கணக்குக் கத்துக்கிறதே அப்படித்தான்.

நீங்களும் வீட்டுக்குப் போனதும் முதல்ல அட்டையை எண்ணுங்க.